பெண்கள் பக்கத்துப் படங்கள்

ஆம்பூரில் கல்யாண மண்டபத்தின் ஆண்கள் பக்கத்துப் படங்களை எந்த ஸ்டூடியோவிலும் கொடுக்கலாம். பெண்கள் பக்கத்துப் படங்கள் அப்படியல்ல. பர்தா இல்லாத முகங்களைக் கடைக்காரன் பார்த்துவிடக் கூடாது. எடுப்பதும் பெண், அச்சிடுவதும் பெண். அச்சிடும்போது மணப்பெண் வீட்டிலிருந்து ஒருவர் வந்து கூடவே உட்கார்ந்திருப்பார். கடைசிப் படம் வெளியே வந்ததும் கார்டிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பதை அவர் கண்முன்னால் அழித்தாக வேண்டும்.

ஆறு வருடமாக அந்த அச்சு வேலையைச் செய்தவள் ஹலீமா பீ. வயது நாற்பத்து மூன்று, பிள்ளை இல்லை. தலாக் ஆனபின் அண்ணன் தன்சீல் அகமது வீட்டு மாடி அறையில் இருந்தாள். பிரிண்டரும் அதே அறையில், கட்டிலை ஒட்டிய மேசையில் இருந்தது. வாங்கியது அண்ணன்.

படம் ஒன்றுக்கு நாலு நிமிடம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள். உட்கார வந்தவர்களுக்கு டீ, பிஸ்கட், சாப்பாடு எல்லாவற்றையும் அண்ணி ஷஹீன் பானு மாடிக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

அப்படி ஒரு கல்யாணத்துக்கு உட்கார வந்த மணப்பெண்ணின் அம்மா சுகரா பேகம் இரண்டாம் நாள் மத்தியானம் கொட்டாவி விட்டாள். “இன்னாம்மா இது, வெயில் காலத்து அமிர்தி அருவி மாதிரி சொட்டுது? என் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

டீ கொண்டுவந்த ஷஹீன் பானு கதவோரம் நின்றாள். “இவ கை பட்டா எல்லாமே லேட்டுதான் ஆப்பா. இவளுக்கு வாழ்க்கையில சீக்கிரமா வந்தது ஒண்ணே ஒண்ணு, தலாக்.”

சுகரா பேகம் சிரித்தாள். ஹலீமா பீயும் சிரித்தாள். சோறு போடுகிறவர்கள் சிரிக்கும்போது கூடச் சிரிக்காமல் இருக்க முடியாது.

அன்று சாயங்காலம் அண்ணி தீர்மானமாகச் சொன்னாள். “மாடி ஏறி ஏறி என் முட்டி போச்சு. அடுத்த கல்யாணத்துக்குள்ள இந்த மெஷின் வேகமா ஓடணும். ஓடலன்னா வித்துடுவேன். உனக்கும் பேரணாம்பட்டு இருக்கு, மாமு இருக்காரு.”

பேரணாம்பட்டில் தாய்மாமன் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். மகன்களுக்குச் சம்பளம் கேட்காத ஆள் ஒன்று தேவைப்பட்டது. ஹலீமா பீக்கு மாப்பிள்ளை பார்த்தவர் அந்த மாமுதான். தலாக்காகிப் பெட்டியோடு போய் நின்றபோது, “உன் நிழல் என் பொண்ணுங்க மேல படக் கூடாது” என்று கதவைச் சாத்தியவரும் அவர்தான்.

“உன் பாபி சொல்றதுல தப்பு இன்னா இருக்கு?” என்றான் அண்ணன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “ஓடினா இரு.”

நாலு நாள் ஹலீமா பீ பிரிண்டரின் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் தன் தப்பு ஒன்று பிடிபட்டது. கல்யாணத்துக்கு முன் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டியவள் அவள். மோட்டார் சூடேறினால் நிறுத்தி ஆறவிடும் பழக்கத்தில், பத்துப் படத்துக்கு ஒருமுறை பிரிண்டரையும் அணைத்து ஓய்வு கொடுத்துவந்தாள். அதுவோ ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும் மை வரும் தன் மூக்கைத் தானே கழுவிக்கொண்டு, மையையும் நேரத்தையும் விழுங்கியது. ஆறு வருடம் இப்படி.

அடுத்தது படங்களின் அளவு. சுவர் அளவுப் படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கும் வேலையைப் பிரிண்டரின் தலையில் கட்டியிருந்தாள். இப்போது கம்ப்யூட்டரிலேயே சுருக்கிவிட்டு அனுப்பினாள். வைஃபையை விட்டுவிட்டு ஒயரைச் செருகினாள். தரம் என்ற இடத்தில் ‘மிக உயர்ந்தது’ என்றிருந்ததை ‘சாதாரணம்’ ஆக்கினாள். தாள் மட்டும் போட்டோத் தாள் என்றே இருந்தது. போகும்போது மட்டும் மை தெளித்த பிரிண்டர் தலையைத் திரும்பி வரும்போதும் தெளிக்கவைத்து, கோடு விழாதபடி அதை ஒருமுறை நேர்செய்தாள். ஒரே முகத்தைப் பழையபடி ஒன்று, புதியபடி ஒன்று என அச்சிட்டு, மொட்டைமாடி வெயிலில் அண்ணன் மகள் ஹஃப்ஸாவிடம் காட்டினாள்.

“எது பழசு, சொல்லு.”

ஹஃப்ஸா புதியதைத் தொட்டாள்.

அடுத்த கல்யாணம் நூற்று எண்பது படம். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது, மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு முன் முடிந்துவிட்டது. உட்கார வந்தவள் ஒரே ஒரு டீயோடு எழுந்து போனாள். ஹலீமா பீக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. ஷூ பெட்டி மூடி ஒன்றைக் கிழித்து, செய்ய வேண்டியதை எல்லாம் ஒன்று, இரண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதி, பிரிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டினாள். யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை.

ஷஹீன் பானு அதை நின்று முழுசாகப் படித்தாள். “இவ்ளோதானா?” என்றாள்.

அதற்கடுத்த கல்யாணத்தை ஹஃப்ஸா அச்சிட்டாள். அட்டையைப் பார்த்துப் பார்த்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு. படங்கள் நன்றாகவே வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஹலீமா பீயின் துணிகள் ஒரு பையில் இருந்தன.

“மெஷின்தான் ஓடுதே பாபி?”

“ஓடுதுல்ல? அப்ப நீ எதுக்கு?”

அண்ணன் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். அதில் அவன் குறை வைக்கவில்லை.

மாமுவுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கை நன்றாக இருந்தது. கஞ்சி சூடாக இருந்தால் அடிப்பார், ஆறியிருந்தாலும் அடிப்பார். மகன்கள், “பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்கள். மற்றவர்களை அடிக்காமல் இருக்க மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது வாரம் ஹஃப்ஸா போன் செய்தாள். “புப்பு, எல்லா மூஞ்சியிலயும் கோடு கோடா வருது. பொண்ணோட அம்மா பக்கத்துல உட்கார்ந்துனு கத்துறாங்க.”

“மெஷினை நகர்த்தினீங்களா?”

“ஹாலுக்கு இறக்கினோம். படியில லேசா இடிச்சிது.”

தலை விலகியிருக்கிறது, மூன்று நிமிட வேலை. அது ஹலீமா பீக்குத் தெரிந்துவிட்டது. “இது போன்ல சொல்றது இல்லம்மா. நான் வந்து பாத்தாத்தான் ஆகும். அப்பாவ பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லு.”

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. “இங்க வந்துட்டா மாமுவ யாரு பாப்பாங்க? ஒரு வேலைய ஒழுங்கா செய்யத் துப்பில்ல உனக்கு, சனியனே.” சனியன் ஹஃப்ஸாதான் என்பது அடுத்து விழுந்த அறைச் சத்தத்தில் தெரிந்தது.

“புப்பு...” ஹஃப்ஸாவுக்கு மூக்கடைத்துவிட்டது.

ஹலீமா பீ சொன்னாள். எதை அழுத்துவது, வரும் கட்டங்களில் எந்தக் கட்டத்தில் கோடு இல்லை, அதன் எண்ணை எங்கே போடுவது. பிரிண்டர் கிளம்பும் சத்தம் போனிலேயே கேட்டது. “வந்துடிச்சு அம்மி!” என்று கத்திக்கொண்டு ஹஃப்ஸா போனை அணைக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

மணப்பெண்ணின் அம்மா கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது. “நல்லா வருதே! யாருங்க போன்ல சொன்னது?”

“கம்பெனி சர்வீஸ்காரங்க” என்றாள் ஷஹீன் பானு. “டீ எடுத்துக்கங்க, ஆறுது.”

அப்புறம் யாரோ போனை அணைத்தார்கள். ஹலீமா பீ மாமுவின் கட்டிலுக்கு அடியிலிருந்த பேசினை எடுத்துக்கொண்டு, கழுவுவதற்காகப் பின்பக்கம் போனாள்.