கப்பலில் ஒரு கால்

குடியிருப்பில் எல்லோரும் அவரைப் ‘பாதிக்குப் பாதி’ என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. இன்சூரன்ஸ் கம்பெனியில் வெள்ளச் சேதம் மதிப்பிடுகிற வேலை. ஊறிப்போன சோபாவை ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, “தண்ணி பாதி, உங்க கவனக்குறைவு பாதி” என்பார். அழுதுகொண்டிருந்தவர்கூடத் தலையாட்டிவிடுவார்.

அந்தச் சாமர்த்தியம் ஒரே ஒரு தடவைதான் பலிக்கவில்லை. மகன் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றபோது, “நீ வரலாம், அவ வரக்கூடாது” என்றார். சரிபாதியாகத்தான் பேசியிருக்கிறோம் என்று நினைத்தார். மகன் முழுசாகப் போய்விட்டான். ஒரு வருஷமாகிறது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் மன நிம்மதி கேட்பார். மகனுக்கு மட்டும் போன் போடமாட்டார்.

இந்த நிலையில்தான் குடியிருப்போர் சங்கம் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடக் கிளம்பியது. பெருவெள்ளமும் கப்பலும்: யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய வேதங்கள் மூன்றிலும் உள்ள கதை, யாருக்கும் மனத்தாங்கல் வராதாம். எழுதித் தர அவரை விட்டால் யார்? “எல்லாம் ஒரே கதைதானே!” என்று மைக்கில் முழங்கி ஏற்றுக்கொண்டார். ஊரே கைதட்டியது, மனைவியைத் தவிர.

முதல் கூட்டத்திலேயே கப்பல் தரைதட்டியது.

இறைத்தூதர்களான நபிமாரை மேடையில் நடித்துக் காட்டக் கூடாது என்றார் முஸ்லிமான பல் டாக்டர். சரி, திரைக்குப் பின்னாலிருந்து பாதிக்குப் பாதியே கதை சொல்வார். பைபிளின் நோவாவா, குர்ஆனின் நூஹா? ‘பெரியவர்’ என்றிருக்கட்டும். கப்பல் ஒதுங்கியது அராராத் என்றார் பாட்டு டீச்சர். ஜூதி என்றார் டாக்டர். ‘ஒரு மலை’ என்று எழுதினார். மகன்கள் விஷயத்தில்தான் வசமாக மாட்டிக்கொண்டார்.

“மூணு பசங்க. மூணு பேரும் ஏறிட்டாங்க. அவ்வளவுதான்,” என்றார் டீச்சர்.

“இன்னொருத்தன் இருந்தான் டீச்சர். குர்ஆன்ல இருக்கு. அப்பா கூப்பிடக் கூப்பிட, மலை மேல ஏறித் தப்பிச்சுக்குவேன்னு போனான். அலை அடிச்சுட்டுப் போயிடுச்சு.”

“எங்க பைபிள்ல அப்படி ஒரு ஆளே இல்லையே டாக்டர்!”

“அதுக்குத்தான் எங்க வேதம் வந்துச்சு. முன்னால இறங்கின வேதத்தை உண்மைன்னு சொல்லும். அதுக்குக் காவலும் நிக்கும்.”

“காவலுக்கு வந்தவரு வீட்டு ஆளுங்களையே எண்ணிப் பாக்குறாரே!”

“எண்ணலைன்னா ஒருத்தன் காணாமப் போனதே தெரியாதே!”

கீழ்த்தளத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் யூதர் தொண்டையைச் செருமினார். “கதை எங்க வீட்டுலேர்ந்து கிளம்பினது. எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?” யாரும் கேட்கவில்லை. அவருக்குத் திரை இழுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

“பையன் பாதி மூழ்கட்டுமே?” என்று பார்த்தார் நம்மவர். இரு பக்கமும் முறைத்தது. “சரி, கப்பல்ல ஒரு கால், தண்ணில ஒரு கால். அப்படியே திரையை இழுத்துடுவோம். மிச்சத்தை அவங்கவங்க வீட்டுக்குப் போய் அவங்கவங்க வேதத்துல பாத்துக்கட்டும்.” ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே, “கப்பல்ல ஒட்டகச்சிவிங்கிக்குக்கூட எடம் இருந்துச்சு. இந்த வீட்டுல ஒரு பொண்ணுக்கு எடமில்ல,” என்றார்.

“அது வேற விஷயம்.”

“ஆமாங்க. அது வெறும் கதை.”

விழா நாளில் நீலப் போர்வைகள் அலையடித்தன. ஜிம்முக்குப் போகும் நாலாம் மாடிப் பையன்தான் நான்காவது மகன். அட்டைக் கப்பலில் ஒரு காலை வைத்துத் திரும்பி நின்றான். “பெரியவர் மகனை அழைத்தார்,” என்று வாசித்துவிட்டுத் திரை இடுக்கில் பார்த்தார் பாதிக்குப் பாதி. அன்று வாசலில் நின்ற மகனின் அதே முதுகு. உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். அடுத்து வாசிக்க வேண்டியது, ‘மகன் தயங்கி நின்றான்.’ தாளைக் கீழே வைத்தார்.

“ஏறிடுடா,” என்றார் மைக்கில்.

திரைக் கயிற்றைப் பிடித்திருந்த கடிகாரக்காரர் கை அப்படியே நின்றது.

“நான் அன்னைக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காத. அவளையும் கூட்டிட்டு ஏறிடு. எடம் இருக்கு.”

எந்த ‘அவளை’ என்று பையனுக்குப் புரியவில்லை. பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கியாக நின்ற மருந்துக்கடைக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினான். கப்பல் இரண்டாகப் பிளந்தது.

“அவன் ஏறவே இல்ல சார்!” என்று கத்தினார் டாக்டர்.

“அப்படி ஒருத்தனே கிடையாது, அவனுக்குப் பொண்டாட்டி வேறயா!” என்றார் டீச்சர்.

“எங்க வேதத்துலயும் இல்லீங்க,” என்று கடிகாரக்காரர் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார். எல்லா வேதத்தாரும் ஒருமனப்பட்ட நாள் அது.

பாதிக்குப் பாதி மாடிப்படிக்கு நழுவி, போனில் மகனின் எண்ணை அழுத்தினார்.

“அப்பா?”

“ரெண்டு பேரும் வாங்கடா.”

“என்ன கண்டிஷன்?”

“நீ பாதி தூரம் வா, நான் பாதி தூரம்...” என்று பழக்கதோஷத்தில் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். “இல்ல. நீங்க அங்கேயே இருங்க. நாங்க வர்றோம்.”

திரும்பிப் பார்த்தால், மனைவி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.