பத்து ஒரிஜினல்கள்

நான் வேலை பார்த்த தனியார் கல்லூரியில், சேர்ந்த அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நடுவில் வேலையை விட்டு ஓடிவிடக் கூடாதாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து முனைவர் பட்டம் வரை பத்துத் தாள்களைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு வாங்கி வந்தேன். ஆறு வருடம் அந்தச் சீட்டுதான் நான் படித்ததற்கு அத்தாட்சியாக வீட்டுப் பீரோவில் கிடந்தது.

அந்த ஆறு வருடமும் பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பம் போட்டபடியே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு ஜெராக்ஸ், பதிவுத் தபால். பதில் வந்தது ஒரே ஒரு முறைதான். இயற்பியல் துறையில் உதவிப் பேராசிரியர், செவ்வாய்க்கிழமை நேர்முகத் தேர்வு, ஒரிஜினல்களுடன் வரவும். கீழ்பென்னாத்தூரில் அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள்.

ஒரிஜினல் கேட்டாலே வேறு வேலை தேடுகிறோம் என்று தெரிந்துவிடும். பாஸ்போர்ட்டுக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிப் போவது எங்கள் ஆசிரியர் அறையின் வழக்கம். அப்படிப் போன மூன்று பேரும் பாஸ்போர்ட்டும் எடுக்கவில்லை, திரும்பியும் வரவில்லை. நான்காவது ஆளாக அதே பொய்யைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ரோஷக்காரி என்று பெயர் வாங்கியவள் நான். உண்மையையே சொன்னேன்.

அலுவலகத்து அம்மா நல்லவர்தான். தாளாளர் சென்னையில் இருக்கிறார், பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும்போதுதான் கல்லூரிக்கும் வருவார், அவர் கையெழுத்து இல்லாமல் சான்றிதழ் எதையும் வெளியே எடுக்க முடியாது என்றார். பௌர்ணமி, தேர்வுக்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை.

"ராஜினாமா எழுதிக் குடுத்தீங்கன்னா நானே எடுத்துக் குடுத்துடுவேன் மேடம். அது ரூல்ஸ்ல இருக்கு."

வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். இந்த முறை கிடைத்துவிடும், எழுதிக் கொடுத்துவிடு என்றார். பழியை அவர் மேல் போட முடியாது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எழுதிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு மேசையில் ஒரிஜினல்களைப் புரட்டிப் பார்த்து டிக் அடித்தார்கள். உள்ளே என் ஆய்வைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு வாக்கியம் முடிவதற்குள், சரி, போகலாம் என்றார்கள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அப்போதே தெரிந்துவிட்டது, மனசுதான் ஒப்பவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த பட்டியலில் என் பெயர் இல்லை. அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிறகு ரோஷத்தை மடித்து வைத்துவிட்டுக் கல்லூரிக்கே போனேன். என் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. அடுத்த செமஸ்டரில் தேவைப்பட்டால் கூப்பிடுவதாக அலுவலகத்து அம்மா சொன்னார். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், ஆய்வை முடித்த கையோடு வந்தவள். அவள் கொடுக்கக் கொடுக்க, தாள்களை வாங்கிச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. நான்தான் அந்த இடத்தில் இருந்தவள் என்று தெரியாமல் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், யூனிவர்சிட்டி இன்டர்வியூ எதுனா வந்தா, கேட்டவொடனே குடுத்துடுவாங்க இல்ல?"

அலுவலகத்து அம்மாவின் பேனா நின்றது. எனக்கு அடுத்த செமஸ்டர் ஞாபகம் வந்தது.

"குடுத்துடுவாங்கம்மா" என்றேன்.

அவள் கடைசித் தாளையும் எடுத்து மேசையில் வைத்தாள்.