கல்யாண மோட்டாரில் வெந்த சாமந்தி

சாமந்திப்பூ வெந்தால் ஒரு வாசனை வரும். பூ வாசனையும் இல்லை, கீரை வாசனையும் இல்லை... அக்கா கல்யாணத்தன்றுதான் அது எனக்குத் தெரிந்தது.

நாற்பதுகளில் நடந்தது. எனக்கு எட்டு வயது. ஏரியூரிலிருந்து அதியமான்கோட்டைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு, விடிந்ததும் புறப்பட்டோம். அக்கா, நான், ஆத்தா. அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நிலக்காரர் ஒருவர் தன் பழைய மோட்டாரைக் கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் மோட்டாரில் போன முதல் கல்யாணப் பெண் அக்காதான். அந்தப் பெருமையில் வீட்டுக்கு ஒரு மாலை என்று வண்டியின் மூக்கே தெரியாமல் கட்டிவிட்டார்கள்.

பென்னாகரம் தாண்டி ஒரு மேடு. புஸ்ஸென்று ஆவி வந்தது.

டிரைவர் முனுசாமி அண்ணன் ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், குழாயைத் தடவிப் பார்த்தார். ஒழுகல் இல்லை. விசிறியும் சுற்றியது. ஒரு மைல் போகவில்லை... மறுபடியும் கொதித்தது.

ஆத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"மாப்பிள்ளையோட பெரியப்பாரு மொதல்லியே இந்த சம்பந்தம் வேணாம்னவரு. முகூர்த்தம் தப்புனா சும்மா இருப்பாரா?"

அக்கா இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இத்தினி பூவுல எனக்கே மூச்சு முட்டுதுங்கண்ணா. இதுக்கு முட்டாதா?"

சிரிப்பாகத்தான் சொன்னாள். முனுசாமி அண்ணன் மாலைகளுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார்.

"காத்து போற வழியே அடச்சுக் கெடக்குது தாயி!"

ஆத்தா விடவில்லை. "தாலி ஏர்றதுக்கு முன்ன மாலைய அவுக்கறதா? தொடாத புள்ள!"

"அவுக்கலீங்க ஆத்தா. எடம் மாத்தறேன்."

ஒவ்வொன்றாக எடுத்து என் கழுத்தில் போட்டாள். சுடச்சுட இருந்தது. இன்ஜின் ஆறும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பூவுக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்...

தாலி நேரத்துக்கு ஏறியது. அவளும் அந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள்.

போன மாதம் அக்கா போய்விட்டாள். சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து அதே அதியமான்கோட்டைக்குக் கொண்டு வந்தோம். வண்டிக்கு முன்னால் டிரைவர் பெரிய மாலையாகக் கட்டினார்.

"அங்க கட்டாதீங்க தம்பி, சூடாயிரும்" என்றேன்.

"இப்பத்த வண்டியெல்லாம் அப்பிடி சூடாவாதுங்க ஆயா."

நிஜம்தான். தொப்பூர் மேட்டில்கூடச் சூடாகவில்லை. எங்கேயும் நிற்காமல் வந்துவிட்டது.

ஓரிடத்திலாவது நின்றிருக்கலாம்.