பொன்னுவேல் பெயரில் போன மெயில்கள்

கொடைக்கானல் பஜாரில் தைலமும் சாக்லேட்டும் விற்கும் அப்பாஸின் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை உண்டு. பதினோரு வருடமாக அவர் மனைவி ஹாஃபிஸா அங்கே உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறாள். சுற்றுவட்டாரத்தில் இருபத்தேழு தங்கும் வீடுகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவள் அவள். யாராவது அறை கேட்டால் வீட்டுக்காரருக்கு ஒரு மெயிலும் கேட்டவருக்கு ஒரு மெயிலும் தானாகப் போகும். வெப்சைட்டுகளுக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனியில் இருபத்தேழையும் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தாள். எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் கண் பார்வையில் இருக்கும் என்பது அவள் கணக்கு.

அதில் ஒன்று வில்பட்டி பொன்னுவேலுடையது. கேரட் தோட்டத்தை ஒட்டி இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மனிதர், இரண்டு வருடம் முன்பு நெஞ்சுவலியில் போய்விட்டார். அறைகளைப் பூட்டியாயிற்று. வெப்சைட்டை எடுத்துவிடலாமா என்று கேட்கப் போனபோது அவர் மனைவி கந்தம்மாள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"கெடந்துட்டுப் போகட்டும் ஹாஃபிஸா. அவரு சிரிச்ச மொகமா நிக்கிற படம் அதுல மட்டுந்தான் இருக்கு."

ஹாஃபிஸா விட்டுவிட்டாள். அதன் பிறகு அந்தப் பக்கத்தை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. மற்ற தளங்களின் மென்பொருளை மாதாமாதம் புதுப்பித்தபோதும் இது மட்டும் பழைய பூட்டோடு நின்றது.

ஆயுதபூஜை விடுமுறையில் முதல் தடங்கல் வந்தது. அறை உறுதியான மெயில் வரவில்லை என்று நாலைந்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். பார்த்தால் ஹோஸ்டிங் கம்பெனியிடமிருந்து ஒரு அறிவிப்பு. மணிக்கு நூறு மெயில்தான் அனுப்பலாம், அதைத் தாண்டிவிட்டீர்கள், மீதி நிறுத்தப்பட்டுள்ளது என்றிருந்தது. ஹாஃபிஸா உடனே போன் போட்டாள்.

"எங்கிருந்து இவ்வளவு மெயில் போகுதுன்னு ஒரு தடவ பாத்துட்டீங்களா மேடம்?" என்று கேட்டான் எதிர்முனையில் இருந்தவன்.

"சீசன் தம்பி. மலையே ஆளாக் கெடக்கு. வெரசா ஏத்திக் குடுங்க."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. நூறு ஐந்நூறாயிற்று. தேங்கி நின்றதெல்லாம் சரசரவென்று கிளம்பிப் போவதைப் பார்த்து அவளுக்கு மனசு லேசாயிற்று. எந்தச் சீசனிலும் தன் வீடுகளிலிருந்து மணிக்கு நாற்பது மெயிலுக்கு மேல் போனதில்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஒன்பதாம் நாள் பிற்பகல் கந்தம்மாள் கூப்பிட்டாள். குரல் அடங்கியிருந்தது.

"வாசல்ல ஒரு காரு வந்து நிக்குது. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு. அவரு வரச் சொன்னாருங்கிறாங்க."

"எவரு, அக்கா?"

"எங்க வீட்டுக்காரருதான்."

ஹாஃபிஸா ஸ்கூட்டரை எடுத்தாள். வில்பட்டி இறக்கத்தில் பனி இறங்கி, பத்தடிக்கு மேல் சாலை தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது கந்தம்மாள் கதவைப் பாதி திறந்து, கைப்பிடியை விடாமல் நின்றிருந்தாள். வந்தவர்கள் திருப்பூர்க்காரர்கள். கோகுல்ராஜ், அவர் மனைவி ரோகிணி. ஆறு வருடம் முன்பு கல்யாணமான புதிதில் இங்கே தங்கியவர்கள்.

"சார் இறந்துட்டாருன்னு இந்தம்மா சொல்றாங்க," என்றாள் ரோகிணி. அவள் முகம் வெளுத்திருந்தது. "மூணு நாளைக்கு முன்னாடிதாங்க எங்களுக்கு மெயில் போட்டாரு."

கோகுல்ராஜ் போனை நீட்டினார். பொன்னுவேல் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே நாலு வரி. உங்களுக்குப் பிடித்த அறை தயாராக இருக்கிறது. மற்றவர்கள் வருவதற்குள் வந்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன். அதற்கும் கீழே, அறையை உறுதி செய்யக் கார்டு எண்ணைப் போடச் சொல்லி ஒரு இணைப்பு.

"கார்டு நம்பர் போட்டீங்களா?"

"போட்டேங்க."

"மொதல்ல பேங்குக்குக் கூப்பிட்டு கார்டை முடக்கச் சொல்லுங்க. இது திருட்டு மெயில்."

அவர் தோட்டத்து ஓரமாகப் போய்ப் பேச ஆரம்பித்தார். ஹாஃபிஸா தன் போனில் ஹோஸ்டிங் கணக்கைத் திறந்தாள். இந்த மணி நேரத்தில் அனுப்பியவை ஐந்நூறு என்று காட்டியது. ஐந்து மணி அடித்ததும் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் பன்னிரண்டு. பிறகு நாற்பது. பிறகு நூற்றிப் பத்து. அனுப்புநர் இடத்தில் ஒவ்வொரு வரியிலும் பொன்னுவேலின் பெயர். பழைய விருந்தாளிகள் மட்டுமல்ல, பெயரே கேள்விப்படாத ஊர்க்காரர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

கந்தம்மாள் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நெசமாவே அவரு எழுதலல்ல?"

"இல்லக்கா. எவனோ உங்க வெப்சைட்டுக்குள்ள பூந்து அவரு பேர்ல எழுதுறான்."

"இப்பவுமா?"

ஹாஃபிஸா ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டு மெயிலை நிறுத்தச் சொன்னாள்.

"மொத்தமா நிறுத்தினா உங்க இருபத்தேழு வீட்டுக்கும் மெயில் நின்னுடும் மேடம்."

"நிறுத்துங்க தம்பி. இப்பவே."

இருநூற்று எட்டில் எண்ணிக்கை நின்றது. அவள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். ஒன்பது நாள், மணிக்கு ஐந்நூறு. ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. வரம்பு நூறாகவே இருந்திருந்தால் இருபதாயிரத்துச் சொச்சத்தோடு போயிருக்கும். அந்தக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டது தானே என்பது, பனியில் அந்தக் கார் திரும்பிப் போன பிறகுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

மறுநாள் வெள்ளனே கந்தம்மாள் முதல் பஸ்ஸில் கடைக்கு வந்துவிட்டாள். வெப்சைட்டிலிருந்த பொன்னுவேலின் படத்தை அப்பாஸ் அச்செடுத்துக் கொடுத்தார். அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஹாஃபிஸா வெப்சைட்டை அழிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மெயில்களை யாராலும் திருப்பி அழைக்க முடியவில்லை. திருட்டு மெயில் போன கணக்கு என்பதால், அதிலிருந்து போகும் நல்ல மெயிலும் எல்லா இடத்திலும் குப்பைப் பெட்டிக்குள் விழுந்தது. தீபாவளிச் சீசனில் அறைகள் காலியாகக் கிடந்தன. ஹாஃபிஸா ஒவ்வொரு வீடாகப் போய், "எண்ணிக்கைய ஏத்தச் சொன்னது நான்தான். பாக்காம ஏத்தச் சொல்லிட்டேன்" என்று சொன்னாள். பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஏரிப்பக்கம் விடுதி வைத்திருந்த மயில்சாமி மட்டும் அவளை உட்காரச் சொல்லவில்லை. "உங்கள நம்பித்தான குடுத்தோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவரோடு சேர்த்து ஏழு பேர் விலகினார்கள். மிச்சமிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் கணக்குப் போட்டு, தினமும் காலையில் ஒவ்வொன்றிலும் எத்தனை மெயில் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவள் தேநீரைக் கையில் எடுத்தாள்.

வில்பட்டிக்குக் கார்கள் வருவது நிற்கவில்லை. முதல் வாரம் நாலு, அடுத்த வாரம் ஆறு. அது திருட்டு மெயில் என்று எழுதி வாசல் கேட்டில் ஒட்டிய அறிவிப்பை யாரும் படிக்கவில்லை. பணம் பறிகொடுத்த ஒருவன் குடித்துவிட்டு வந்து கதவை உதைத்தான். "உள்ளதான ஒளிஞ்சிருக்கான், வரச் சொல்லு" என்று கத்தினான். கந்தம்மாள் உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்தபடி, அவன் ஓயும்வரை நின்றாள். அந்த வாரமே கன்னிவாடியில் இருந்த தம்பி முருகவேல் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனான்.

தை பிறந்து சில நாளில் ரோகிணியிடமிருந்து ஹாஃபிஸாவுக்கு ஒரு மெயில் வந்தது. 'இது உங்களிடமிருந்து வரவில்லை என்று தெரியும். ஆனாலும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி, தனக்குப் புதிதாக வந்த மெயிலைக் கீழே இணைத்திருந்தாள். அதே படம், அதே நாலு வரி. அனுப்பிய இடம் மட்டும் வேறு. ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒருவரின் ஹோஸ்டிங் கணக்கு. ஹாஃபிஸா அங்கே புகார் எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள்.

மூன்றாம் நாள் கன்னிவாடிக்குக் கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டதுமே கந்தம்மாள் கேட்டாள்.

"இன்னும் எழுதுறாங்களா?"

"வேற எடத்துலருந்து எழுதுறாங்கக்கா. என்னால நிறுத்த முடியல."

"வீட்டுச் சாவிய முருகவேல்ட்ட குடுத்துட்டேன்," என்றாள் கந்தம்மாள். "இனி நான் அங்க வரல."