மணிக்குத் தப்பிய லிப்ராதா

லிப்ராதா வாயைத் திறந்தால் செலாயா ஊர் ரயிலடி முழுக்கக் கேட்கும். இதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் புகாராகச் சொல்வார்கள். சொல்கிறவர் வீடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அவள் அப்பாவுக்கு ரயில் ஷெட்டில் வேலை. இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே அந்த வீட்டில் எல்லோருக்கும் தொண்டை அப்படி ஆகிப்போனது. வெறும் தொண்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லிப்ராதாவுக்குப் பாட்டும் வந்தது. அதுதான் வம்பு.

பதினாறு வயதில் முதலாளியம்மா தோன்யா ஒத்தீலியாவின் மிட்டாய்ப் பட்டறையில் கஹெத்தா என்கிற பால் மிட்டாய் கிண்டச் சேர்ந்தாள். ஆட்டுப்பாலும் சர்க்கரையும் செப்புக் கொப்பரையில் கொதிக்கும்; தேன் பதம் வருகிற வரைக்கும் துடுப்பை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அடிபிடித்துவிடும். கைக்குத்தானே வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது என்று பாட ஆரம்பித்தாள். அடுத்த சுவரில் ரயில்காரர்கள் சாப்பிடும் கடை. அங்கே காசு போட்டால் இசைத்தட்டு சுற்றுகிற பாட்டுப்பெட்டி ஒன்று இருந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒரே பாட்டுக்குத்தான் காசு போடுவான். ஸ்டேஷனில் காதலனுக்காகக் காத்து நிற்கிற ஒருத்தியின் பாட்டு அது. ரயில்காரர்கள் கடையில் வேறு எந்தப் பாட்டு ஓடும்? லிப்ராதா சங்கீதம் படித்த பள்ளிக்கூடம் அந்தச் சுவர்தான்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஊர் வானொலி நிலையத்தார் ஞாயிறு காலைகளில் புதுப் பாடகர் போட்டி தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். பக்கத்தில் வாத்தியக் குழு, எதிரே ஜனக்கூட்டம், ஓரத்தில் இசை மாஸ்டர் தோன் எவேலியோ. பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் ஒரு விரலைத் தூக்குவார். உடனே நபோர் என்கிறவன் சுத்தியலால் மணியை ஒரு போடு போடுவான். வார நாளில் ரயில்பெட்டி கோக்கிற ஆள், கை கொஞ்சம் பலமாகவே விழும். மணி விழுந்தால் பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால், ஜனங்கள் பாட்டுக் கேட்க வரவில்லை, மணி கேட்கத்தான் வந்தார்கள்.

முதல் தடவை லிப்ராதாவுக்குக் குரல் நடுங்கியது. மணி விழுந்தது. அவள் ஆட்டுப்பால் பட்டறைக்காரி என்று தெரிந்து, “மே...” என்று கூட்டத்தில் ஒருவன் இழுத்தான். “போய்ப் பாலைக் கிண்டு தாயி, தீஞ்சுடப் போகுது” என்றான் இன்னொருவன். இரண்டாம் தடவை நடுக்கம் இல்லை, அந்த ஸ்டேஷன் பாட்டை அருமையாகத்தான் பாடினாள். இரண்டாவது அடியில் மறுபடியும் மணி. முதல் தடவை மாதிரி இந்த முறை அவள் அழவில்லை. நேரே மாஸ்டரிடம் போய் நின்றாள்.

“எதுக்கு மாஸ்டர் அடிக்கச் சொன்னீங்க?”

“அரை வரியை முழுங்கிட்டியேம்மா. வாத்தியம் ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் போற.”

“எந்த அரை வரி?”

“‘ரயில் வரும்’னு பாடின. அடுத்தாப்ல ‘என் கண்ணீர் காயும் முன்னே வரும்’னு இருக்கா? அதை விட்டுட்டு நேரா ‘நீ இறங்குவாய்’க்குப் போயிட்ட.”

அப்படி ஒரு வரியை லிப்ராதா பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை. ஓடிப்போய்ச் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் பாட்டுப்பெட்டியைத் திறக்கச் சொன்னாள். பார்த்தால், இசைத்தட்டின் குறுக்கே நகத்தால் கிழித்த மாதிரி ஒரு கீறல். முள் அந்த இடத்துக்கு வந்ததும் சொல்லிவைத்த மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி அந்தப் பக்கம் போய் விழுந்தது. ரயிலடியில் ஒருத்தரும் அந்த அரை வரியைக் கேட்டதில்லை. லிப்ராதா பாட்டோடு கீறலையும் சேர்த்தே பாடம் பண்ணியிருக்கிறாள், பாவம்.

“வெளிய மூச்சு விட்டுடாத தாயி” என்றார் கடைக்காரர். “புதுத் தட்டு வாங்குன்னு உயிரை எடுப்பானுங்க.”

அங்கிருந்து பட்டறைக்கு வந்தால் தோன்யா ஒத்தீலியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“ரெண்டு தடவை மணியடிச்சு அனுப்பியாச்சு. கடைக்கு வர்றவன் எல்லாம் வாசல்ல நின்னு ‘மே’ங்கறான். எனக்கு வியாபாரம் நடக்க வேணாமா?”

“இன்னும் ஒரே ஒரு தடவை போறேன் தோன்யா.”

“போ, நான் தடுக்கல. ஆனா அன்னிக்கும் மணி விழுந்துச்சுன்னு வை, இந்தப் பட்டறைக்குள்ள இனிமே பாட்டுங்கற பேச்சே இருக்கக் கூடாது. கிண்டினோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருக்கணும்.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். போட்டியில் பரிசு ஒரு பெட்டி சோடா. அது போனால் போகட்டும். ஆனால் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை அந்தக் கொப்பரை முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பதா? வேறு பாட்டைப் பாடித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது. ரோஷக்காரி, அதே பாட்டைத்தான் பாடுவேன் என்று நின்றாள். அந்த அரை வரியைக் கொப்பரை முன்னால் நூறு முறை சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

மூன்றாவது ஞாயிறு ரயிலடியே திரண்டு வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்துகொண்டது. தோன்யா ஒத்தீலியாவும் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். லிப்ராதா பாட ஆரம்பித்ததும் சபை அடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அந்தக் குரல் வெண்ணெயாக இறங்கியது. முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடி வந்தது. ‘ரயில் வரும்’ என்றாள். அவ்வளவுதான், வருஷக்கணக்காகப் பழகின நாக்கு அவளைக் கேட்காமலே துள்ளி ‘நீ இறங்குவாய்’ என்றுவிட்டது.

மாஸ்டரின் விரல் மேலே போனது.

லிப்ராதா அதைப் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு, விழுகிற வரைக்குமாவது பாடுவோம் என்று பாடினாள். மணி விழவில்லை. அதற்குப் பதிலாகப் பின்வரிசையில் ஷெட்காரர்கள் தினமும் சாப்பிட்டுக்கொண்டே பாடுகிற வழக்கத்தில், ‘நீ இறங்குவாய், நீ இறங்குவாய்’ என்று அவளோடு சேர்ந்துகொண்டார்கள். கிதார்க்காரர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு இரண்டு மீட்டில் ஓடிவந்து அவள் பாட்டைப் பிடித்துக்கொண்டார். வயலினும் பின்னாலேயே வந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது மாஸ்டரின் விரல் இன்னும் மேலேதான் நின்றது. நபோர் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்ததும் எழுந்த ஆரவாரத்தில் தோன்யா ஒத்தீலியா சால்வையால் மூக்கைத் துடைத்தாள். மாஸ்டரும் கெட்டவர் இல்லை, சபையின் நாடி தெரிந்தவர். வியாழன்தோறும் வானொலியில் பாட வா என்று அங்கேயே சொன்னார். நபோரை மட்டும் மணி வேலையிலிருந்து நீக்கினார். அந்த வியாழக்கிழமைகள் இருபது வருஷத்துக்கு மேல் ஓடின. கல்யாணம், கோவில் திருநாள், சேவல் சண்டைக் கொட்டகை என்று லிப்ராதா பாடாத இடமில்லை. தலைநகருக்குப் போய் ஒரு இசைத்தட்டும் பாடிக் கொடுத்தாள். அங்கே நெரிசலும் பிடிக்கவில்லை, காப்பியும் பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டாள். எந்தக் குறையும் இல்லாமல் வாழ்ந்தாள்.

ஆனால் அவளிடம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், இசைத்தட்டைப் பற்றிப் பேச மாட்டாள். அந்த ஞாயிறு, பரிசாகக் கிடைத்த சோடாப் பெட்டியைச் சுமந்துகொண்டு வானொலி நிலையத்து வாசலில் நபோரை மறித்ததைத்தான் சொல்வாள்.

“மாஸ்டர் விரலைத் தூக்கினது உங்களுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் அடிக்கல?”

நபோர் தொப்பியைக் கழற்றி, பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டான். “போன தடவை அடிச்சேன் இல்லையா, மனசு கேக்கல. நீங்க எங்க தப்பு விட்டீங்கன்னு தினமும் கடையில காசு போட்டுப் பாட்டைக் கேட்டேன். நீங்க ஒரு வார்த்தைகூட மாறாம சரியாத்தான் பாடறீங்க. வாத்தியக்காரங்கதான் நடுவுல என்னத்தையோ சேத்து வாசிக்கறாங்க.”

லிப்ராதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீறலைப் பற்றியும் விட்டுப்போன கண்ணீர் வரியைப் பற்றியும் சொன்னாள். நபோர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டான், பிறகு தலையை ஆட்டினான்.

“அது எப்படிங்க சரியா வரும்? அதான் ரயில் வருதுல்ல. அப்புறம் எதுக்கு அழறது?”

லிப்ராதா சோடாப் பெட்டியை அவன் கையில் கொடுத்து, வீடுவரைக்கும் தூக்கி வரச் சொன்னாள்.