மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய கைக்கடிகாரம்

தர ஆய்வு வேலையில் ஒரு பொருளை வேண்டாம் என்று தள்ளியவருக்குத் தூக்கம் வந்துவிடும். சரி என்று அனுப்பியவர்தான் புரண்டு படுப்பார். நான் ஒரகடத்தில், வண்டி அச்சுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி ஆய்வாளர். எங்களிடம் மூன்று வட்ட ஸ்டிக்கர்கள் உண்டு. பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் கழிவு. மஞ்சள் என்றால் முடிவு இன்னும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாமலே படித்து முடித்தவள். அதனால் எனக்கு மஞ்சள்மீது ஒரு தனிப் பிரியம். கடையில் ஒன்றை எடுத்துப் பார்த்து, வைத்துவிட்டு, பஸ் ஏறியபின் அதையே நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் யாராவது இருந்தால், நீங்களும் என் கட்சிதான். இனி சொல்லப்போகும் கடிகாரக் கதையில் முதல் சம்பவம் மட்டும் நான் பார்த்ததல்ல, கேள்விப்பட்டது.

அரைமணி முன்னால் ஓடியவர்

சொன்னவர் தேவகி அக்கா. பிள்ளைப்பாக்கத்துக்காரர், எனக்குப் பக்கத்து மேசை. எங்கள் பகுதியில் விரிசல் பார்க்கும் இயந்திரம் இருக்கிறது. இரும்புப் பாகத்துக்குக் காந்தம் ஏற்றி, ஒளிரும் திரவத்தை ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் கோடாக மின்னும். பிறகு ஒரு பெரிய வளையத்துக்குள் விட்டுக் காந்தத்தை எடுத்துவிடுவோம். தொழிற்சாலை தொடங்கிய புதிதில் இந்த இயந்திரத்தில் நின்ற ஓர் இளைஞர், பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே ஓடும் கடிகாரம் ஒன்று வாங்கினாராம். அப்போதெல்லாம் அதைக் கட்டிக்கொண்டே உள்ளே வரலாம். கடிகாரத்துக்குள் காந்தம் ஏறி, அது தறிகெட்டு முன்னால் ஓடியது. அவர் தினமும் ஷிஃப்டுக்கு அரைமணி முன்பே வந்து நின்றார். நேரம் தவறாதவர் என்று பரிசு கொடுத்தார்கள்.

"போனில் மணி பார்க்க மாட்டாராக்கா?" என்றேன். "பாப்பாராம். போனு தப்புன்னு அதத் திருத்தி வெச்சிக்குவாராம்." பிறகு கடிகாரத்தைச் சரிசெய்து, அவர் சரியான நேரத்துக்கு வரத் தொடங்கியதும், ஏன் சோம்பேறி ஆகிவிட்டாய் என்று கேட்டார்களாம். நான் நம்பவில்லை. தேவகி அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாட்சு கெட்டப்போ நல்ல பேரு, வாட்சு நல்லானப்போ கெட்ட பேரு. இன்னா கம்பெனி பாத்தியா!"

வளையல் கடை

எனக்கும் அப்படியொரு கடிகாரம் வேண்டும் என்ற ஆசை வந்தது பாதுகாப்பு வாசலில். இப்போது கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாகத்தில் கீறல் விழும். தணிக்கைக்கு வந்த ஒருவர் தன் கடிகாரத்தைத் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தார். பின்புறம் கண்ணாடி. உள்ளே ஒரு பொடிச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது, தூங்கும் குழந்தையின் வயிறு மாதிரி. வரிசை நகர்ந்த பிறகும் நான் நகரவில்லை.

குன்றத்தூரில் மலைக்கோயில் போகும் வழியில் ஒரு கடைக்கு, அறைத்தோழி மாரியோடு போனேன். மாரியும் நானும் கோவில்பட்டிப் பக்கம்; சேரப்பணஞ்சேரியில் ஒரே விடுதி. பேட்டரி இல்லாத கடிகாரம் வேண்டும் என்றேன். கடைப்பையன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கல் பதித்த, மணி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய ஐந்தாறு சாமான்களைப் பரப்பினான். லேடீஸ் கலெக்‌ஷனாம். நான் அதையும் மரியாதைக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். மாரிக்குத்தான் பொறுக்கவில்லை. கல்லாவில் இருந்த முதலாளியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, அவ வளையல் கேக்கல, வாட்ச் கேக்கா!"

ரெய்டு

முதலாளி தானே எழுந்து வந்து, சரியான தட்டை எடுத்து வைத்தார். அதில் நீல முகப்பும் கண்ணாடி முதுகுமாக ஒன்று இருந்தது. எனக்கு அதுதான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதே பயமாக இருந்தது. பையிலிருந்து என் லென்ஸை எடுத்தேன். முள் நேராக நிற்கிறதா, ஓரத்தில் கீறல் உண்டா, எழுத்து சாய்ந்திருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அதனால் சந்தேகம் அதிகமானது. "நேரம் துல்லியமா காட்டுமா?" என்றேன். "சில விநாடி முன்ன பின்ன ஓடும் மேடம், இந்த ரகம் அப்படித்தான்" என்றார். லென்ஸை மறுபடி முகப்பில் வைத்தேன்.

பிறகு என்ன செய்தேன் என்பதை மாரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பேசிக்கொண்டே என் கை தானாகப் பைக்குள் போய், ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை உரித்து, அந்தக் கடிகாரப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. "யோசிச்சுச் சொல்றேங்க" என்று நான் எழுந்தபோது, முதலாளி பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "மேடம், நீங்க வாட்ச் வாங்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?"

மஞ்சள் அலமாரி

அந்த மாதக் கடைசியில் என் பயிற்சி முடிகிறது. நிரந்தரம் ஆவேனா, ஊருக்குப் பெட்டி கட்டுவேனா என்பது எங்கள் மேற்பார்வையாளர் சுந்தரம் சார் கையில். அவர் வந்து, மஞ்சள் ஒட்டிய பாகங்களை வைக்கும் மஞ்சள் அலமாரியின் முன் நின்றார். மூன்று தட்டும் நிரம்பி வழிந்தன. எல்லாம் நான் ஒட்டியவை. சிலவற்றை மூன்று முறை அளந்திருந்தேன். மூன்று முறையும் சரியாகவே இருந்தன.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அழுதாவது இருப்பேன். "கனி, நீ பச்சை போட்டுத் தப்பானா நான் பேசிக்கிறேன். சிவப்பு போட்டுத் தப்பானாலும் நான் பேசிக்கிறேன். எல்லாத்துக்கும் மஞ்சளே போட்டா, மாசக் கடைசில உன் பேருக்குப் பக்கத்துல நானும் மஞ்சள்தாம்மா ஒட்டணும்."

பாஸ்

அடுத்த விடுமுறையில் தனியாகவே குன்றத்தூர் போனேன். நீலக் கடிகாரம் என் மஞ்சள் ஸ்டிக்கரோடு அப்படியே அலமாரியில் இருந்தது. "ரெண்டு பேர் கேட்டாங்க மேடம். யாரோ அடையாளம் வெச்சுட்டுப் போயிருக்காங்கன்னு குடுக்கல" என்றார் முதலாளி. அந்த ஒரு ஸ்டிக்கரை மதித்தவர் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

ஓடவிட்டுப் பார்த்தாராம்; நாளுக்குச் சில விநாடி முன்னே போகிறது. கூட வந்த சிறு புத்தகத்தில் இதுவரை போகலாம் என்று ஓர் எல்லை போட்டிருந்தது. அதற்குள்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வரைபடங்களில் எந்த அளவும் தனியாக நிற்காது. இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி இருக்கும். இரும்புத் துண்டுக்குத் தினமும் கொடுக்கிற அந்தச் சலுகையை நான் இந்தக் கடிகாரத்துக்கும் கொடுக்கவில்லை, எனக்கும் கொடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சளை உரித்துவிட்டுப் பச்சையை ஒட்டினேன். முதலாளி நெஞ்சில் கைவைத்தார்: "அப்பாடா! பாஸானது வாட்சா மேடம், நானா?"

பேட்டரி

வீட்டுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். அப்பா, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார். அம்மா கண்ணாடி முதுகைப் பார்த்து, மூடி போட மறந்துவிட்டார்களா என்று கேட்டாள். பேட்டரியே கிடையாது, கை அசைய அசைய ஓடும் என்று விளக்கினேன். அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "அவ்வளவு ரூவா வாங்கிட்டு ஒரு பேட்டரி போட்டுத் தரல பாத்தியா? நீ படிச்ச பிள்ளைனு சொல்லிருக்கணும்ளா!"

பஸ் நிறுத்தத்தில் நிரந்தரம்

ஒரு வாரம்கூட ஆகவில்லை. கம்பெனி பஸ்ஸுக்காக நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். மறுநாள் இன்னும் அதிக நேரம். பஸ்தான் தாமதம் என்று நினைத்தேன். நிறுத்தத்துக்கு வந்த தேவகி அக்கா இடுப்பில் கைவைத்தார்: "இன்னாடி, கம்பெனி நிரந்தரம் பண்றதுக்கு முன்னாலயே பஸ் ஸ்டாப்புல நிரந்தரமாயிட்ட?"

வளையத்துக்குள் நீலம்

போனை எடுத்துப் பார்த்தேன்; பஸ் தாமதமில்லை, என் கடிகாரம்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்விப்பட்ட கதை நினைவுக்கு வந்தது. நான் கடிகாரத்தை உள்ளே கொண்டுபோனதே இல்லை. ஆனால் வாசலில் கழற்றித் தினமும் வைத்தது என் கைப்பையில். அந்தப் பையின் வாய் காந்தத்தில் மூடுவது. நாள் முழுக்கக் காந்தத்தை அளக்கிறவள், கடிகாரத்தைக் காந்தத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறேன். சுந்தரம் சாரிடம் அனுமதி கேட்டேன். காந்தம் எடுக்கும் வளையம் இரும்புப் பாகங்களுக்கானது. கடிகாரம் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. "உன் வாட்ச். உன் முடிவு" என்றார்.

பழைய கனி அதற்கும் ஒரு மஞ்சள் ஒட்டியிருப்பாள். நான் அதை மரத்தட்டில் வைத்து, வளையத்துக்குள் விட்டு, மெல்ல மெல்ல வெளியே இழுத்தேன். காந்தம் அளக்கும் மானியின் முள் பூஜ்யத்தில் நின்றது. பொடிச் சக்கரம் அமைதியாக ஆடிக்கொண்டிருந்தது. அதே கையோடு மஞ்சள் அலமாரிக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்தேன்: பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை. சாயங்காலம் தட்டுகள் காலி. சுந்தரம் சார் வெற்று அலமாரியைத் தட்டிப் பார்த்தார்: "அடடே, இது பச்சைப் பெயின்ட் அடிச்ச ரேக்கா? எனக்கே இன்னைக்குத்தாம்மா தெரியும்."

சரிபார்த்தது

மாதக் கடைசியில் நிரந்தரமானேன். ஆணை வாங்கப் போன அறையின் சுவரில் தொழிற்சாலையின் பழைய படங்கள் மாட்டியிருந்தன. ஒன்றில் மீசை அரும்பிய ஓர் இளைஞர், 'நேரம் தவறாதவர்' என்ற கேடயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சுந்தரம் சார். இப்போது கடிகாரமே கட்டாத அதே சுந்தரம் சார். பழக்கம் விடுமா? லென்ஸை எடுத்துப் படத்தில் வைத்தேன். அவருக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. அவர் மணிக்கட்டில் பத்தரை. ஆக, எங்கள் தொழிற்சாலையில் யாரும் ஆய்வே செய்யாமல் பச்சை ஒட்டி அனுப்பிய ஒரே பொருள் அந்தக் கேடயம்தான்.