ட்ரே ஒன்றிலிருந்து வந்த பத்திரிகை

சிவகாசியில் பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி எனக்கு ஒரு சின்ன டிஜிட்டல் பிரிண்டிங் கடை இருக்கிறது. இத்தனை பெரிய ஆஃப்செட் கம்பெனிகள் உள்ள ஊரில் என்னிடம் யார் வருவார்கள் என்று கல்யாணமான புதிதில் என் மாமியார் கேட்டார். முப்பது பத்திரிகை, ஐம்பது பத்திரிகை போதும் என்பவர்கள் வருவார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் அந்தச் சின்ன ஆர்டரைத் தொட மாட்டார்கள். பிள்ளையாரும் ஓரத்தில் மாவிலைத் தோரணமும் ஏற்கெனவே அச்சான கல்யாண அட்டைகள் கடைத்தெருவில் மொத்தமாகக் கிடைக்கும். கறுப்புக் கோடும் குத்துவிளக்கும் போட்ட கருமாதி அட்டைகளும் அப்படித்தான். நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் பெயரையும் நாளையும் அடித்துக் கொடுப்பது என் வேலை.

என் பிரிண்டரில் பேப்பர் வைக்க மூன்று டிராயர்கள். பக்கவாட்டில் திறந்து மூடும் பலகை ஒன்று. தடித்த கல்யாண அட்டையைப் பக்கவாட்டிலும், மெல்லிய கருமாதி அட்டையை மேல் டிராயரிலும் வைப்பது என் வழக்கம். பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை குழப்பமே இல்லை. அதில் அப்பர், மிடில், லோயர் என்றும், பக்கவாட்டுப் பலகைக்குப் பைபாஸ் என்றும் வந்தது. எது எங்கே இருக்கிறது என்று பெயரே சொல்லிவிடும். அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதியதில் சாஃப்ட்வேரும் புதிது. பேப்பர் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஆட்டோ, ட்ரே 1, கேசட் 1, கேசட் 2, கேசட் 3, மேனுவல் ஃபீட் என்று வரிசையாக வந்து நின்றது. கேசட் என்பது பிற்பாடு வாங்கிப் பொருத்தும் ஏதோ ஒன்று என்று எண்ணிக்கொண்டேன். மேல் டிராயரின் முகத்தில் கம்பெனியே '1' என்று ஒட்டி அனுப்பியிருந்தது. ட்ரே ஒன்று அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

புதிய கம்ப்யூட்டர் வந்த மறுநாள் காலை அச்சங்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பட்டாசுக் கம்பெனியில் வேலை. மனைவி நெடுநாள் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். கோயில் பொங்கலில் பெண்கள் கூட்டமாக நின்று எடுத்த படம்.

"இதுல சிரிக்கிறா பாருங்க தாயி, அதான் அவ. வேற படமே இல்ல" என்றார்.

கூட்டத்திலிருந்து அந்த அம்மாவை மட்டும் வெட்டி எடுத்தேன். பக்கத்தில் நின்றவரின் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதையும் அழித்துப் பெரிதாக்கினேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குள் இன்னொரு அக்கா உள்ளே வந்தார். மகள் கல்யாணத்துக்குச் சொந்தமாக அட்டை வாங்கி, முதல் நாளே என்னிடம் கொடுத்திருந்தார். அவருடைய அட்டைகள்தான் பக்கவாட்டுப் பலகையில் அடுக்கியிருந்தன. "உக்காருங்கக்கா, இந்த அண்ணன் வேலையை முடிச்சிட்டு உங்களதுதான்" என்றேன். ட்ரே 1 என்பதைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் கொடுத்துவிட்டு, கவர் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

மனைவியின் படம் எப்படி வருகிறது என்று பார்க்க அவர் மெஷின் அருகே போயிருக்கிறார். நான் திரும்பியபோது அவர் கையில் ஒரு பத்திரிகை இருந்தது. மேலே பிள்ளையார், சுற்றிலும் மாவிலைத் தோரணம், ஓரமெல்லாம் தங்கக் கோடு. நடுவில் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் பெயரும் கணவர் பெயரும். மெஷின் ஒன்றன்பின் ஒன்றாக அதையே தள்ளிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் நிறுத்தினேன். அதற்குள் அந்த அக்கா எழுந்து வந்து பார்த்துவிட்டார்.

"அட பாவி மக்கா! என் பிள்ளை கல்யாணக் காயிதத்துல எழவுச் சேதியா? கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? கிழி, இப்பவே கிழி! ஒண்ணு வெளிய போச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்!"

அவர் சத்தத்துக்குத் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். தட்டில் விழுந்திருந்தவற்றை அள்ளிக் கிழித்தேன். மிச்சம் அந்த அண்ணன் கையில் இருந்த ஒன்று. "குடுங்கண்ணே" என்று பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா போட்ட கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனைவியை இப்படி அச்சடித்துவிட்டாளே என்று ஆத்திரப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். மறுபடி இழுத்தேன். விட்டுவிட்டார். அதையும் நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

அக்கா எஞ்சிய அட்டைகளை வாரிக்கொண்டு, வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். நான் கருமாதி அட்டைகளை எடுத்துக் காலியான பக்கவாட்டுப் பலகையிலேயே வைத்து அடித்து முடித்தேன். படம் தெளிவாக வந்திருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னம்மா" என்று வாங்கிக்கொண்டார். வாசல்படி வரை போனவர் நின்றார்.

"அந்தக் காயிதத்துல ஒண்ணாச்சும் மிச்சம் இருக்குமா?"

பெரிய இடத்தில் காட்டிப் புகார் சொல்லப் போகிறாரோ என்று பயந்தேன். "இல்லண்ணே, எல்லாத்தையும் கிழிச்சாச்சு."

"சரி சரி" என்றார். கொஞ்ச நேரம் பையைச் சரிசெய்துகொண்டு நின்றார். பிறகு தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்களுக்குப் பத்திரிகை அடிக்கல தாயி. கோயில்ல தாலியக் கட்டிட்டு மறுநா ரெண்டு பேரும் வேலைக்குக் கம்பெனி வேன்ல ஏறிட்டோம். ஊரு உலகத்துக்கெல்லாம் சிவகாசில அடிக்கிறாக, நமக்கு ஒண்ணு இல்லையேன்னு சொல்லிச் சிரிப்பா. கோவமாச் சொல்ல மாட்டா, சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவா. இன்னிக்கு அது கையில வரவும் எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு."

"உள்ள வாங்கண்ணே, இப்பவே ஒண்ணு அடிச்சுத் தாரேன். அதைவிட நல்ல அட்டையா இருக்கு" என்றேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்; ஒரு கால் படியில் ஏறியது. பிறகு தலையை ஆட்டினார்.

"வேணாம்மா. பொண்டாட்டி போயி காரியம்கூட முடியல, இவன் கல்யாணக் காயிதம் அடிச்சிக்கிட்டு வாரான்னு பிள்ளைக நினைக்கும். அது தானா வந்துச்சு பாத்தீகளா, அதான் கேட்டேன்."

அவர் போன பிறகு கூடையைக் கொட்டித் துண்டுகளைத் தேடினேன். ஒரு முழுப் பத்திரிகை சேர்ந்தது. தரையில் பொருத்தி வைத்துப் பார்த்தேன். கிழிசல் அந்த அம்மாவின் முகத்தின் குறுக்கே போயிருந்தது. அதை ஒட்டி யாரிடமும் கொடுக்க முடியாது.

மதுரையில் இருக்கும் சர்வீஸ் எஞ்சினியருக்குப் போன் போட்டேன். "மேடம், மெஷின்ல ஒண்ணுன்னா மேல் டிராயர். சாஃப்ட்வேர்ல அதுக்குப் பேரு கேசட் ஒண்ணு. ட்ரே ஒண்ணுன்னா சைடு. நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் வருது" என்றார். நிறையப் பேருக்கு வருகிறது என்றால் மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். அது நம் கையில் இல்லை என்றார். வெள்ளை டேப்பில் மேல், நடு, கீழ், சைடு என்று எழுதி மெஷினில் ஒட்டினேன். எது எது என்று கம்ப்யூட்டர் திரையின் ஓரத்திலும் ஒரு சீட்டு இருக்கிறது. இப்போது தவறு வருவதில்லை.

அந்த ஃபைலை நான் அழிக்கவில்லை. சில வாரம் கழித்து, கடையில் யாரும் இல்லாத நேரம், இருப்பதிலேயே நல்ல அட்டையில் ஒன்று அடித்தேன். கருமாதி வாசகங்களை எடுத்துவிட்டேன். படமும் இரண்டு பெயர்களும் மட்டும். கவரில் போட்டு மேசை டிராயரில் வைத்தேன். அச்சங்குளம் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அவர் வேண்டாம் என்றது காதில் நின்றது. வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது நான் போய் இதை நீட்டினால் அவருக்குச் சங்கடமாகிவிடும். இந்தப் பக்கம் வந்தால் கொடுக்கலாம் என்று இருந்துவிட்டேன்.

தீபாவளி சீசன் முடிந்து, வீட்டுக்கு மிளகாய் வற்றல் வாங்க விருதுநகர் போயிருந்தேன். கமிஷன் கடை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் அவர் இருந்தார். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நல்லாருக்கீகளா? கடை எப்பிடிப் போகுது?"

கம்பெனி வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். அவள் இல்லாமல் அந்த வேனில் ஏற மனமில்லையாம். நான் சொல்லிவிட்டேன். "அண்ணே, ஒண்ணு அடிச்சு வச்சிருக்கேன். நீங்க கேட்டு அடிக்கல, நானாத்தான் அடிச்சேன். வந்து வாங்கிக்கோங்க."

வற்றல் நெடியில் இருவருக்கும் கண் எரிந்தது.

"அன்னிக்கே வாங்கியிருக்கணும் தாயி. காரியத்தன்னிக்குச் சாம்பல் கரைக்கையில அவளோடயே விட்டுருப்பேன். இப்ப வச்சிக்கிட்டு என்ன செய்ய?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சிவகாசிப் பக்கம் வந்தா வாரேன்" என்று சேர்த்துக்கொண்டார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விட்டார்.

அவர் இன்னும் வரவில்லை. வருவார் என்று எனக்கும் தோன்றவில்லை.